மூடிப் பிறந்த வாயில்



சரித்திரம் என்றதும் அரசரும் போரும் கோட்டையும் கொடியுமே நம் நினைவுக்கு வருதல் வழக்கம். வன்னி நாட்டைப் பற்றிப் பேசப் புகுவோர் பண்டாரவன்னியனையும் பழைய குளக்கட்டுகளையும் சொல்லாது விடுவதில்லை. இன்று நான் எடுத்துக்கொண்ட சரித்திரமோ அத்தகையதன்று. பிறந்து ஒரு நாளும் நிறையாத சிசுவின் உடலில், இயற்கை திறவாது விட்ட ஒரு சிறு வாயிலைத் திறப்பதற்கு மனித குலம் பல நூற்றாண்டுகளாகப் பட்ட பாட்டின் சரித்திரம் அது. மலவாயில் இன்றிப் பிறக்கும் குழந்தைகளையும், சிறுநீர் வழியும் பிறப்புறுப்பும் சீர்பெறாது பிறக்கும் குழந்தைகளையும் பற்றியே இன்று பேசப்போகின்றேன். சபையிலே பேசக் கூசும் பொருள் என்று சிலர் எண்ணக்கூடும். அந்தக் கூச்சமே இக்குழந்தைகளுக்குப் பெரும் பகையாய் இருந்து வந்தது என்பதை நீங்கள் போகப்போக உணர்வீர்கள்.

முதலில் இக்குறை எவ்வாறு உண்டாகின்றது என்பதைக் காண்போம். தாயின் வயிற்றிலே கரு வளரும் தொடக்க வாரங்களில், குடலின் கடைப்பகுதிக்கும் சிறுநீர் வழிக்கும் பொதுவான ஓர் அறையே உண்டு. ஒரு வீட்டை இரு குடும்பத்தார்க்குப் பிரித்து நடுவே சுவர் எழுப்புவதுபோல, ஏறத்தாழ நான்காம் வாரத்திற்கும் எட்டாம் வாரத்திற்கும் இடையில் அவ்வறை இரண்டாகப் பிரிகின்றது. முன்னே சிறுநீர் வழியும், பின்னே மல வழியும் அமைகின்றன. இந்தப் பிரிவினை குறைப்பட்டு நின்றால் பலவகைக் கோளாறுகள் தோன்றும். சில குழந்தைகளிடம் மலவாயில் மெல்லிய தோலால் மூடப்பட்டிருக்கும். சிலரிடம் குடல் வெகு மேலே முடிந்துபோய், ஆண் குழந்தையாயின் சிறுநீர் வழியிலும், பெண் குழந்தையாயின் பிறப்பு வாயிலின் அருகிலும் ஒரு சிறு துளையாய்த் திறக்கும். மிக அரிதாக, பெண் குழந்தையிடம் மூன்று வழிகளும் சேர்ந்து ஒரே வாயிலாய் முடிவதுமுண்டு. வேறு சில குழந்தைகளிடம் அடிவயிற்றுச் சுவரே மூடாமல், சிறுநீர்ப்பை விரிந்த மலர்போல வெளியே தெரியும்.

மலவாயிற் குறை ஏறத்தாழ ஐயாயிரம் பிறப்புக்கு ஒன்று என்ற அளவில் காணப்படுகின்றது. சிறுநீர்ப்பை வெளித்தெரியும் குறை அதனினும் பன்மடங்கு அரிது. ஆகவே கிளிநொச்சி, முல்லைத்தீவு போன்ற சிறிய மாவட்டத்திலே ஓராண்டில் ஒன்றும் தோன்றாமற் போகலாம். மறு ஆண்டில் ஒன்று தோன்றலாம். காரணம் என்ன என்று கேட்டால், பெரும்பாலானவற்றிற்குத் தெளிவான விடை இன்னும் கிடைக்கவில்லை. ஒன்று மட்டும் உறுதி. கிரகணத்தின்போது தாய் வெளியே வந்தமையாலோ, அவள் உண்ட உணவாலோ, முற்பிறப்பின் வினையாலோ வந்ததென்று அவளைத் தூற்றுவதற்கு மருத்துவ அறிவிலே எவ்வித ஆதாரமும் இல்லை.

நம் முன்னோர் பிறவிக் குறைகளை அறியாதவரல்லர். புறநானூற்றின் 28ஆம் பாட்டிலே உறையூர் முதுகண்ணன் சாத்தனார், மக்கட் பிறப்பில் நேரும் எட்டுக் குறைகளை எண்ணிக் கூறுகின்றார். குருடு, செவிடு, ஊமை, கூன் முதலியன அவற்றுட் சில. பெரும்பாலும் அவை வாழ்ந்தோரிடம் கண்ட குறைகள். மலவாயில் இன்றிப் பிறந்த சிசுவோ, ஊரார் அதன் குறையை எண்ணுமுன்னரே வயிறு வீங்கி, வாந்தியெடுத்துச் சில நாட்களில் மாண்டுவிடும். ஆதலால் அது கணக்கிலும் வரவில்லை, கவிதையிலும் வரவில்லை.

வைத்தியர்கள் எப்போது இதனைக் கவனித்தனர்? பாரத நாட்டின் பழைய சத்திர வைத்திய நூலாகிய சுசுருத சங்கிதையிலே, குதம் சுருங்கி மலம் வெளிவர வருந்தும் நிலையொன்று கூறப்பட்டிருக்கின்றது. இரு முனையும் திறந்த குழாயை இரும்பினாலோ மரத்தினாலோ அரக்கினாலோ செய்து, நெய் பூசி உட்செலுத்தி, நாட்கள் செல்லச் செல்லச் சற்றே பருத்த குழாய்களைப் பயன்படுத்தி வழியை விரிக்க வேண்டும் என்பது அந்நூல் கூறும் முறை. படிப்படியாக விரித்தல் என்னும் அந்தத் தத்துவம் இன்றும் வழக்கில் உள்ளது. புதிதாக வாயில் அமைக்கப்பட்ட குழந்தைக்கு, அது சுருங்கிவிடாமல் இருக்கும்பொருட்டு, வரிசையாகப் பருமன் கூடும் உலோகக் கோல்களைக் கொண்டு தாயே வீட்டில் விரித்துவிடும்படி வைத்தியர் கற்பிக்கின்றனர்.

ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர், ஏஜினாத் தீவினராகிய பவுல் என்பார், தோலால் மூடிய மலவாயிலை விரலால் உடைக்கலாம். இயலாவிடில் கத்தியால் கீறலாம் என்று எழுதி வைத்தார். அதன் பின் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்த வைத்தியம் ஓரடிகூட முன்னேறவில்லை எனலாம். குடல் தோலுக்கு அருகே முடிந்த குழந்தை பிழைத்தது. மேலே முடிந்த குழந்தை இறந்தது. வைத்தியனுடைய கத்தி இருளிலே துழாவிக்கொண்டிருந்தது. உள்ளே என்ன இருக்கின்றது என்பதை அவன் கண்டிலன். இனி நான் சொல்லப்போகும் முன்னேற்றங்கள் பலவும், யாரோ ஒருவர் முன்னவரினும் சற்றுத் தெளிவாக உள்ளே பார்த்ததனால் விளைந்தவையே. இதனை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள்.

1710ஆம் ஆண்டிலே பாரிஸ் நகரில் அலெக்சி லித்ர் என்னும் வைத்தியர், ஆறு நாள் உயிர் வாழ்ந்து இறந்த ஒரு சிசுவின் உடலை அறுத்துப் பார்த்தார். அதன் குடல் இரண்டு துண்டாய்ப் பிரிந்து கிடந்தது. கீழே வழி இல்லையாயின், மேலேயுள்ள குடலை வயிற்றுச் சுவரிலே திறந்துவிட்டால் குழந்தை பிழைக்குமே என்று அவர் கூறினார். அந்த யோசனை எண்பத்துமூன்று ஆண்டுகள் ஏட்டிலேயே கிடந்தது. 1793இல் பிரெஸ்ட் என்னும் துறைமுகப் பட்டினத்தில் துரே என்பார், இறந்த ஒரு சிசுவின் உடலில் முன்னதாகப் பழகிப் பார்த்துவிட்டு, மூன்று நாட் குழந்தை ஒன்றின் இடப்பக்க அடிவயிற்றைத் திறந்து, குடலை அங்கே வெளிப்படுத்தித் தைத்தார். மயக்க மருந்து இல்லை. கிருமி என்றால் என்னவென்று எவரும் அறியாத காலம். அக்குழந்தை பிழைத்தது மட்டுமன்றி, நாற்பத்தைந்து வயது வரை வாழ்ந்ததென்பர்.

உயிர் காக்க ஒரு வழி பிறந்தது. ஆயினும் மலவாயில் இருக்கவேண்டிய இடத்தில் அதனை அமைப்பது எங்ஙனம்? 1835இல் அமுசா என்னும் இன்னொரு பிரெஞ்சு வைத்தியர், குடலைக் கீழே இழுத்து அதன் விளிம்பைத் தோலோடு சேர்த்துத் தைத்தார். வெறுமனே கீறிவிட்டால் புண் ஆறும்போது வழி மீண்டும் மூடிக்கொள்ளும். தோலோடு தைத்தால் மூடாது. தையற்காரர் துளையின் ஓரத்தைச் சுற்றி இழை போடுவதை ஒத்த எளிய உண்மைதான். அதனைக் கண்டுகொள்வதற்கு அத்தனை நூற்றாண்டுகள் சென்றன.

1846இல் பொஸ்டன் நகரில் ஈதர் மயக்க மருந்தின் பயன் யாவரும் அறிய நிறுவப்பட்டது. 1867இல் லிஸ்டர் என்பார், காயத்தைக் கிருமி நீக்கிக் காக்கும் முறையை வெளியிட்டார். அதே 1867ஆம் ஆண்டிலே நமக்கு அண்மையில் நிகழ்ந்த ஒன்றையும் இங்கே குறிப்பிடுதல் தகும். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டு முதல் மானிப்பாயிலே வைத்தியம் செய்தும் கற்பித்தும் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், சத்திர வைத்தியம் பற்றிய ஆங்கில நூலொன்றை ‘இரண வைத்தியம்’ என்ற பெயரிலே தமிழில் வெளியிட்ட ஆண்டும் அதுவே. 1864 முதல் அவர் தம் மாணாக்கர்க்குத் தமிழிலேயே வைத்தியம் போதித்தார். 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் உடற்கூற்று நூலும் தமிழில் வெளிவந்தது. மனித உடலின் எந்த உறுப்பையும் பெயர் சொல்லித் தமிழிலே கற்பிக்கலாம் என்பதை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே மானிப்பாய் காட்டிவிட்டது. வைத்திய சாத்திரம் கூசாமற் சொன்ன சொற்களை, நோயுற்ற குழந்தையின் பெற்றோராகிய நாம் வைத்தியரிடம் சொல்லக் கூசுவது எதற்காக?

இனி இருபதாம் நூற்றாண்டிற்கு வருவோம். 1930இல் அமெரிக்க நாட்டு மினசோட்டாவில் வாங்கன்ஸ்டீன், ரைஸ் என்னும் இருவர் ஓர் எளிய உபாயத்தை வெளியிட்டனர். குழந்தை பிறந்தவுடன் அழும்போது விழுங்கும் காற்று, ஒரு நாளளவில் குடலின் கடைசி வரை சென்று சேரும். குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து எக்ஸ்கதிர்ப் படம் எடுத்தால், காற்று மேலெழுந்து குடல் முடியும் இடத்தைக் கறுப்பாகக் காட்டும். தோலுக்கும் அதற்கும் எத்தனை தூரம் என்பதைக் கத்தி தொடுமுன்னரே அளந்துகொள்ளலாம். இருளில் துழாவிய கை முதன்முறையாக வெளிச்சம் பெற்றது. இன்று குழந்தையைக் குப்புறக் கிடத்திப் பக்கவாட்டில் படம் எடுத்தே அதனை அறிகின்றனர்.

எனினும் புதியதொரு துயரம் தோன்றியது. குழந்தைகள் பிழைத்தனர், ஆனால் வளர்ந்தபின் மலத்தை அடக்க இயலாதவராயினர். குடலைச் சுற்றி நின்று அதனை இறுக்கிப் பிடிக்கும் தசைகள், அறுவையின்போது அறியாமையாற் சிதைக்கப்பட்டமையே காரணம். அவுஸ்திரேலியாவில், மெல்பேண் நகரின் டக்ளஸ் ஸ்டீபன்ஸ் இத்தசைகளை நுணுகி ஆராய்ந்து, 1953இல் முதுகின் அடிப்பக்கமாகச் சென்று தசை வளையத்தினூடே குடலைச் செலுத்தும் முறையை வகுத்தார். 1980ஆம் ஆண்டிலே மெக்சிக்கோ நகரில் அல்பேட்டோ பேனியா என்பவர் அதனினும் துணிந்தார். பின்புறத்து நடுக்கோட்டிலே, இம்மியும் இடமோ வலமோ விலகாமல், தசைகளை முழுவதும் விரித்துத் திறந்தார். நரம்புகள் அந்த நடுக்கோட்டைத் தாண்டிச் செல்வதில்லை. ஆகவே அங்கே வெட்டினால் இழப்பு மிகக் குறைவு. சிறிய மின் கருவியால் தசையைத் தூண்டி, அது சுருங்குமிடத்தைக் கண்ணாற் கண்டு, அதன் நட்ட நடுவே குடலை வைத்து, திறந்தவற்றை அடுக்கடுக்காகத் தைத்து மூடினார். டி விறீஸ் என்பாருடன் சேர்ந்து 1982இல் அவர் வெளியிட்ட இம்முறை, இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகின்றது.

சிறுநீர் வழியின் சரித்திரமும் இதனை ஒத்ததே. 1852இல் லண்டனில் ஜோன் சைமன் என்பார், வெளியே திறந்து கிடந்த சிறுநீர்ப்பையால் வருந்திய ஒரு சிறுவனுக்கு, சிறுநீர்க் குழாய்களைக் குடலுக்குள் திருப்பிவிட முயன்றார். பின்வந்தோர் அம்முறையைத் திருத்தினரெனினும், குடலின் கிருமி சிறுநீரகத்தில் ஏறிப் பலரை வாட்டியது. 1942இல் ஹியூ யங் என்பார், சிறுநீர்ப்பையையே மூடி, சிறுநீரை அடக்கும் ஆற்றலையும் ஒரு பெண் குழந்தைக்குப் பெற்றுத் தந்ததாக அறிவித்தார். 1972இல் மிச்சிகன் மாநிலத்து லாப்பிடெஸ் என்பார் சொன்ன உண்மையோ மிக எளிது. தானாக வெளியேறாத சிறுநீரைச் சில மணி நேரத்துக்கொருமுறை மெல்லிய குழாய் கொண்டு நோயாளி தாமே வெளியேற்றிக்கொள்ளலாம். அதற்குச் சத்திரசாலையின் பூரண கிருமிநீக்கம் வேண்டுவதில்லை, சுத்தமான கையும் சுத்தமான குழாயும் போதும் என்றார் அவர். அதனால் எண்ணற்ற சிறுநீரகங்கள் காப்பாற்றப்பட்டன.

நேயர்களே, இச்சரித்திரத்திலே வைத்தியர்கள் தம்மைத் தாமே கேட்ட கேள்வி மாறிக்கொண்டே வந்ததைக் கவனித்தீர்களா? ‘இக்குழந்தை பிழைக்குமா?’ என்பது துரேயின் கேள்வி. ‘இது பள்ளிக்கூடம் போகுமா? மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுமா?’ என்பது பேனியாவின் காலத்துக் கேள்வி. நம் காலத்திலே மூன்றாவது கேள்வி ஒன்றும் பிறந்திருக்கின்றது. பிறப்புறுப்பின் தோற்றத்தை மட்டும் பார்த்து ஆணோ பெண்ணோ என உடனே தெளிய முடியாத குழந்தைகள் சிலர் உளர். சிறுநீர் வழி அடைபடுதல் போன்ற ஆபத்து எதுவும் இல்லாதபோதும், ஊரார் வாய்க்கு அஞ்சி அவர்களுக்கு அவசர அவசரமாகச் சத்திரசிகிச்சை செய்யும் வழக்கம் பல நாடுகளில் இருந்தது. அப்பிள்ளைகள் வளர்ந்தபின், ‘எங்களைக் கேளாமல் எங்கள் உடலில் ஏன் கைவைத்தீர்கள்?’ என்று கேட்டனர். 2019ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அளித்த தீர்ப்பை அடுத்து, அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டு அரசு, உயிராபத்து இல்லாத நிலையில் அத்தகைய குழந்தைகளுக்குப் பால்மாற்றுச் சத்திரசிகிச்சை செய்வதைத் தடைசெய்தது. மூடிய மலவாயிலுக்கான சிகிச்சையை நாட்கணக்கில் தள்ளிவைக்க இயலாது. இதுவோ குழந்தை வளர்ந்து தானே வாய் திறந்து பேசும் வரை காத்திருக்கலாம். எதற்கு விரைவது, எதற்குப் பொறுப்பது என்று அறிவதும் சத்திர வைத்தியத்தின் ஒரு பகுதியே ஆகும்.

இனி நம் வன்னிக்கு வருவோம். மேலே முடிந்த குடலுடன் பிறந்த குழந்தைக்குச் சிகிச்சை பொதுவாக மூன்று கட்டங்களில் நடைபெறும். பிறந்த ஓரிரு நாட்களுள் குடலை வயிற்றிலே திறந்துவிடுதல் முதலாவது. சில மாதங்கள் கழித்துப் புதிய மலவாயிலை உரிய இடத்தில் அமைத்தல் இரண்டாவது. அது ஆறியபின் வயிற்றுத் திறப்பை மூடுதல் மூன்றாவது. சிறுவர்க்கான சத்திர வைத்திய நிபுணர் உள்ள பெரிய வைத்தியசாலைக்கே, யாழ்ப்பாணத்துக்கோ கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ, குழந்தையைக் கொண்டு செல்ல வேண்டியிருக்கும். வவுனியாவிலிருந்து கொழும்பு ஏறத்தாழ இருநூற்றைம்பது கிலோமீற்றர்; முல்லைத்தீவிலிருந்து இன்னும் தூரம். ஆகவே வன்னித் தாய்க்கு இச்சிகிச்சை மூன்று அறுவை மட்டுமன்று, மூன்று நெடும் பயணங்களுமாகும். 1990 முதல் 2002 வரையும், மீண்டும் 2006 முதல் போர் முடியும் வரையும் ஏ9 வீதி மூடப்பட்டிருந்ததை நாம் அறிவோம். முதற் கட்டம் முடிந்து இரண்டாம் கட்டத்திற்குக் காத்திருக்கும் ஒரு பிள்ளைக்கு, அந்த மூடிய பாதையின் பொருள் என்னவாயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். குழந்தையின் வாயிலைத் திறக்க வைத்தியர் உண்டு; வைத்தியரிடம் செல்லும் வாயில் அடைபட்டிருந்தது. 2013இல் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கியது. பாதை இன்று திறந்திருக்கின்றது.

பாதை திறந்தபின் எஞ்சி நிற்பன இரண்டு கடமைகள். முதலாவது, பிறந்த அன்றே பார்த்தல். வைத்தியரும் தாதியும் மருத்துவமாதும் குழந்தையைத் துணி விலக்கித் தலை முதற் கால் வரை பார்க்கின்றனர். தாயும் பாட்டியும் அவர்களோடு சேர்ந்து பார்க்கத் தயங்கலாகாது. ‘குழந்தை மலம் கழித்துவிட்டது’ என்பது மட்டும் போதாது; எந்த வழியாற் கழித்தது என்பதையும் பார்க்க வேண்டும். பெண் குழந்தையாயின் பிறப்பு வாயிலருகேயுள்ள சிறு துளையினூடே மலம் கசியக்கூடும்; ஆண் குழந்தையின் சிறுநீரில் மலம் கலந்து வரக்கூடும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும், முதல் நாளிலே கரிய மலம் வெளிவராமல் வயிறு உப்பினாலும், வைத்தியரிடம் அக்கணமே தெரிவிக்க வேண்டும். அவர் பார்த்து முடிக்கும் வரை பால் ஊட்டலாமா என்பதையும் அவரையே கேட்டறிதல் நன்று. இக்குறையோடு இருதயம், சிறுநீரகம், முதுகெலும்பு ஆகியவற்றிலும் குறைகள் சேர்ந்து வருவதுண்டாகையால், அவற்றையும் வைத்தியர் ஆராய்வர்.

இரண்டாவது கடமை என் போன்ற ஆசிரியரைச் சார்ந்தது. எத்துணைச் சிறந்த சத்திரசிகிச்சை பெற்றாலும், சில பிள்ளைகளுக்கு மலத்தை அடக்கும் ஆற்றல் முழுமையாக வாய்ப்பதில்லை. நாள்தோறும் வீட்டிலே குடலைக் கழுவி வெறுமையாக்கும் முறையால், மறுநாள் வரை உடை அழுக்குறாமல் அவர்கள் இருக்க முடியும். சிலர் குழாய் கொண்டு சிறுநீர் கழிக்க வேண்டியவராயிருப்பர். அவர்களுக்குப் பாடசாலையிலே வேண்டுவது யாது? தாழிடக்கூடிய கதவும், தண்ணீரும், சவர்க்காரமும் உள்ள ஒரு மலசலகூடம். கையுயர்த்திய மாத்திரத்தில் ‘போய் வா’ என்று சொல்லும் ஓர் ஆசிரியர். ஏன் என்று கேளாத வகுப்பு. இவ்வளவே. இவை இல்லாத பாடசாலையில், மெல்பேணிலும் மெக்சிக்கோவிலும் கண்டுபிடித்த வித்தையின் பயன் வாசலோடு நின்றுவிடுகின்றது. பிள்ளை தலைவலி என்று சொல்லி வீட்டில் தங்கும். பின் ஒரு நாள் பாடசாலைக்கு வருவதையே நிறுத்திவிடும். நெடுங்காலம் ஆசிரியத் தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரியும், வரவுப் பதிவேட்டிலே காரணம் எழுதப்படாத வெற்றிடங்கள் எத்தனை என்பது.

மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து வள்ளுவர், நோயுற்றவன், வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என நான்கு கூறாக வைத்தியத்தை வகுத்தார். வைத்தியன் எத்துணை வல்லவனாயினும் நான்காமவன் இன்றேல் வைத்தியம் நிறைவுறாது என்பது அதனாற் பெறப்படும். துணி விலக்கிப் பார்க்கும் மருத்துவமாது, பிள்ளையைச் சுமந்து பேருந்திலே போகும் தாய், அவளைப் பழியாத மாமியார், கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக் கொடுக்கும் அதிபர் ஆகிய யாவரும் அந்த நான்காமவரே. வன்னியிலே அடுத்து இக்குறையோடு ஒரு குழந்தை எங்கே, எந்த வீட்டிலே பிறக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. அது பிறக்கும்போது அதனைச் சுற்றி நிற்பவர்கள் நாமாகவே இருப்போம்.